நிற்கும் காரின் காற்று

கார் ஓடினால் காற்று தானாக உள்ளே வரும், நின்றால் வராது. காருக்குள் காற்றோட்டம் அமைக்கும் கலை முழுவதும் இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றியே வளர்ந்தது. கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இந்தச் சங்கடம் சற்றுக் கடுமையானது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் மறித்து நிற்பதால் பள்ளத்தாக்கில் காற்று மெல்லத்தான் வீசும். ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. நிழலில் நிற்பவருக்கே வேர்க்கும் ஊரில், தகரமும் கண்ணாடியும் சேர்ந்த பெட்டி ஒன்று வெயிலில் நின்றால் உள்வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும்.

பள்ளத்தாக்கில் மூடிய வண்டிக்குள் மக்களை ஏற்றிச் சென்ற முதல் இயந்திரம் ரயில். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடாவையும் இணைத்த பாதை திறக்கப்பட்டது. 1890இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை எட்டியது. செங்கல் சூளைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொட்டடிகளும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தன; அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும். ரயில் பெட்டிகளின் சன்னல்களுக்கு வெயிலும் மழையும் படாமல் காற்றை மட்டும் விடும் மரச் சட்டங்கள் போதுமாயிருந்தன. நிலையத்தில் நிற்கும் சில நிமிடங்கள்தான் புழுக்கம். வண்டி கிளம்பினால் தீர்ந்தது.

கார் வந்தபோது அதற்குக் காற்றோட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. 1896இல் காட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் சிங்கப்பூருக்கு வரவழைத்த பென்ஸ் வண்டிக்குக் கூரை கூடக் கிடையாது. 1899இல் கோலாலம்பூரில் சுவா சகோதரர்கள் ஃபெடரல் ஸ்டோர்ஸ் என்ற கடையைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது சைக்கிள் அண்ட் கேரியேஜ் என்று பெயர் மாறி, மலாயாவின் பெரிய கார் வணிக நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. ரப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் தோட்டத் துரைமார்கள் வாங்கிய கார்களில் பல, துணிக் கூரையை மடக்கி விரிக்கக்கூடிய திறந்த வண்டிகள். அவர்களைத் தொல்லைப்படுத்தியவை செம்மண் தூசியும் பிற்பகல் மழையும். மழை வந்தால் கூரையை இழுத்து, பக்கவாட்டில் செல்லுலாய்டு சாளரம் வைத்த திரைகளை மாட்டினார்கள். மாட்டிய மறுகணம் உள்ளே ஆவி பிடித்தது போலாகிவிடும். மழையா புழுக்கமா என்ற கேள்விக்கு அன்றைய கார்களிடம் பதில் இருக்கவில்லை.

1930களிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் இரும்புக் கூரையுள்ள மூடிய கார்களே வழக்கமாயின. அவற்றை வடிவமைத்தவர்கள் இங்கிலாந்தின் குளிரை மனத்தில் வைத்தவர்கள். ஆனாலும் சில நல்ல உபாயங்கள் அவற்றோடு வந்து சேர்ந்தன. போருக்கு முந்தைய பல கார்களில் முன்கண்ணாடியை அடிப்பக்கம் தூக்கித் திறக்கலாம். 1950களின் கார்களில் முன்கதவுச் சன்னலின் முனையில் ஒரு முக்கோணக் கண்ணாடி தனியாகத் திரும்பும். அதைப் பாதி திருப்பினால் காற்று ஓட்டுநரின் மார்பில் நேரே அடிக்கும். முழுவதும் திருப்பினால் முகத்தில். சிகரெட் சாம்பலைத் தட்டிவிடவும் அதுவே வழி. சில கார்களில் முன்கண்ணாடிக்குக் கீழே சிறு மூடி ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் கால்களுக்குக் காற்று கிடைத்தது, சில சமயம் மழைநீரும். மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற வண்டிகளை ஓட்டிய தலைமுறை இவற்றை வைத்தே சமாளித்தது. அன்றைய சாலைகளில் நெரிசல் இல்லாததால் சமாளிக்கவும் முடிந்தது.

உண்மையான முன்னேற்றம் 1964இல் ஃபோர்டு கோர்ட்டினாவோடு வந்தது. அவ்வாண்டு லண்டன் கண்காட்சியில் ஃபோர்டு காட்டிய ஏரோஃப்ளோ அமைப்பின் அடிப்படை மிக எளியது. காற்று உள்ளே வர வழி செய்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். அதுவரை சன்னல்களை மூடிய காருக்குள் நுழைந்த காற்று போக இடமின்றித் தேங்கியது. கோர்ட்டினாவில் டாஷ்போர்டின் இரு முனைகளிலும் கண்விழி போல் சுழலும் துளைகள்; பின்கண்ணாடியின் ஓரத் தூண்களில் காற்று வெளியேறும் துவாரங்கள். கார் ஓடும்போது பின்புறம் உண்டாகும் குறைந்த அழுத்தம் உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றியது. சில ஆண்டுகளில் மற்றவர்களும் இந்த முறைக்கு வந்தார்கள். முக்கோணக் கண்ணாடி மெல்ல மறைந்தது. இன்று எந்தக் காரின் டாஷ்போர்டிலும் தெரியும் துளைகளின் மூதாதை இதுதான். ஆனால் கோர்ட்டினாவும் ஓடினால்தான் மூச்சுவிட்டது.

அந்த நிபந்தனைதான் பள்ளத்தாக்கில் முறியத் தொடங்கியது. 1950களில் பெட்டாலிங் ஜெயா புதிய நகரமாக உருவானது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை கட்டங்கட்டமாக வளர்ந்தது. வழியோரம் தொழிற்பேட்டைகள், அவற்றுள் கார்த் தொழிற்சாலைகளும். 1967இல் ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பொருத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. நாட்டின் முதல் கார் பொருத்து ஆலை அது. பனி நாட்டில் வெதுவெதுப்புக்குப் பேர்போன காரை இந்த வெயிலில் பொருத்தத் தொடங்கியது சற்று வேடிக்கைதான். வீடுகள் ஒரு பக்கமும் வேலையிடங்கள் மறுபக்கமுமாக ஊர் நீண்டுகொண்டே போக, காலையிலும் மாலையிலும் ஒரே சாலையில் எல்லாரும் கூடினார்கள். காரின் வேகம் நடைவேகத்துக்கு இறங்கியபோது டாஷ்போர்டுத் துளைகள் காற்றுக்குப் பதில் முன்னால் நிற்கும் லாரியின் புகையைக் கொண்டுவந்தன.

இதற்கான விடை ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தது. 1940ஆம் ஆண்டு மாடல் பேக்கார்டு கார்களில் முதன்முதலாகக் குளிர்சாதனம் கிடைத்தது. கருவியின் பெரும்பகுதி பின்பக்கப் பெட்டியை அடைத்துக்கொண்டது, நிறுத்த வேண்டுமானால் இறங்கிப்போய்ப் பட்டையைக் கழற்ற வேண்டும். 1954இல் நாஷ் நிறுவனம் எல்லாவற்றையும் முன்பக்கத்திலேயே அடக்கி, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது. 1964இல் காடிலாக், வெப்பநிலையைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும் அமைப்பைத் தந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஏர்கான் பரவலாக வந்த வழி வேறு. 1970களில் இங்கே விற்ற டட்சன் 120ஒய், டொயோட்டா கரோலா போன்ற சிறு கார்கள் பலவும் ஏர்கான் இல்லாமலே ஆலையிலிருந்து வெளிவந்தன. அதைப் பட்டறைகளே பொருத்தின. எஞ்சினின் பக்கவாட்டில் இரும்புத் தாங்கி ஒன்றைச் செய்து, அதில் கம்ப்ரசரைப் பூட்டி, எஞ்சின் சுழற்சியோடு பெல்ட்டால் இணைப்பார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர். டாஷ்போர்டுக்குக் கீழே, முன்னிருக்கைக்காரரின் முழங்கால் இடிக்கும் உயரத்தில், ஒரு பெட்டியைத் தொங்கவிடுவார்கள். அதற்குள்தான் கூலிங் காயிலும் விசிறியும். இரண்டு திருகிகள் போதும், ஒன்று விசிறிக்கு, மற்றது குளிருக்கு. சூடேற்றி என்ற உறுப்பு இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. பின்னர் உள்நாட்டில் தயாரான சிறு கார்கள் பலவற்றிலும் அது வைக்கப்படவே இல்லை. ஆகவே மழைநாளில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கவும் ஏர்கானே கதி.

இந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் பின்னால் வந்த சிக்கல்கள் புரியும். கம்ப்ரசர், குளிரூட்டும் காஸை அழுத்தும். அழுத்தத்தில் சூடான காஸ், கண்டென்சரில் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகும். குறுகிய துவாரம் வழியே கூலிங் காயிலுக்குள் பாய்ந்து மீண்டும் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சும். காற்றிலுள்ள ஈரமும் காயிலில் நீராகப் படிந்து குழாய் வழியே சாலையில் சொட்டும். வேர்வையை உலர்த்தும் இந்த ஈரநீக்கம், இந்த ஊரில் குளிருக்குச் சமமான சேவை. ஆனால் எல்லாவற்றுக்கும் சக்தி எஞ்சினிலிருந்து வர வேண்டும். கார் நெரிசலில் நின்றால் எஞ்சின் மெல்லச் சுழலும், கம்ப்ரசரும் மெல்லச் சுழலும். கண்டென்சருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. அதன் சூடு பின்னாலுள்ள ரேடியேட்டரைத் தாக்கும். குளிர் அதிகம் வேண்டிய நேரத்தில் குளிர் குறையும், எஞ்சினும் கொதிக்கும். கூடுதல் மின்விசிறி பொருத்துவது, ஏர்கான் போட்டதும் எஞ்சின் சுழற்சியைச் சற்று உயர்த்தும் கருவியை மாட்டுவது எனப் பட்டறைகள் கண்ட தீர்வுகள் எல்லாம் நிற்கும் காருக்கானவை. கார் நின்றாலும் எஞ்சின் நிற்கக்கூடாது என்ற பழக்கம் இப்படித்தான் ஊரில் வேரூன்றியது.

பொதுப் போக்குவரத்தில் இந்த மாற்றம் தாமதமாகவே வந்தது. 1975இல் கோலாலம்பூரில் ஓடத் தொடங்கிய இளஞ்சிவப்பு மினி பஸ்களில் ஏர்கான் இல்லை. திறந்த சன்னலும், ஓட்டுநரின் வேகமும்தான் காற்று. நெரிசலில் நின்ற மினி பஸ்ஸுக்குள் இடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு, சொந்தக் கார் வாங்க அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்பட்டிருக்காது. 1990களில் இன்ட்ராகோத்தா நிறுவனத்தின் ஏர்கான் பஸ்கள் வந்தன. 1995இல் கேடிஎம் கொமியூட்டர் மின்ரயில் குளிரூட்டிய பெட்டிகளோடு ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு மரச் சட்டச் சன்னல் வழியே காற்று வாங்கிச் சென்ற அதே தடத்தில், சன்னலே திறக்காத வண்டி. 1998இல் மினி பஸ்கள் நிறுத்தப்பட்டன. பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்தபோது, மூடிய குளிர்ப்பெட்டியில் பயணம் செய்வது ஊரின் வழக்கமாகிவிட்டிருந்தது.

அதற்குள் கார்த் தொழிலும் உள்நாட்டில் ஊன்றிவிட்டது. ஜப்பானின் நிப்பான்டென்சோ (இன்றைய டென்சோ) 1980இல் தன் மலேசிய நிறுவனத்தை நிறுவியது. பண்டார் பாரு பாங்கியில் அமைந்த அதன் ஆலை கார் ஏர்கான் கருவிகளைத் தயாரிக்கிறது. 1983இல் புரோட்டான் கார் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1985 ஜூலையில் அதன் ஷா ஆலாம் ஆலையிலிருந்து சாகா கார் வந்தது. 1994இல் மற்றொரு உள்நாட்டு நிறுவனமான பெரோடுவாவின் கான்சில். அதன் எஞ்சின் 659 சிசி. இவ்வளவு சிறிய எஞ்சினில் கம்ப்ரசர் எவ்வளவு கனமான சுமை என்பதை கான்சில் ஓட்டியவர்கள் காலால் உணர்ந்தார்கள்: மேடேறவோ முந்திச் செல்லவோ வேண்டுமானால் முதலில் கை ஏர்கான் பொத்தானுக்குப் போகும். பொருளாதாரப் புத்தகங்கள் சொல்வதைவிட, குளிருக்கும் பெட்ரோலுக்கும் உள்ள உறவை இந்தக் கார் தெளிவாகப் புரியவைத்தது.

கூலிங் காயிலின் வேலையைக் குறைக்க இன்னொரு வழி, வெயிலைக் கண்ணாடியிலேயே தடுப்பது. கருந்தாள் ஒட்டும் பழக்கம் பரவிய பிறகு, 1991இல் சாலைப் போக்குவரத்து விதிகள் அதற்கு எல்லை வகுத்தன: முன்கண்ணாடி வழியே 70 விழுக்காடும் மற்றவை வழியே 50 விழுக்காடும் ஒளி புக வேண்டும். வெயில் ஒரு பக்கம், குற்றவாளிகள் கறுப்புக் கண்ணாடிக்குள் மறைவார்கள் என்ற போலீஸின் கவலை மறுபக்கம். இழுபறி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீண்டது. 2019 மே மாதம் பின்கதவு, பின்பக்கக் கண்ணாடிகளுக்கான வரம்பு எடுக்கப்பட்டது. முன்னிருப்பவை பழைய அளவிலேயே நீடிக்கின்றன.

பழைய ஏர்கான்களில் ஓடிய ஆர்-12 காஸ் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று தெரிந்தபின், மலேசியா 1989இல் மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1990களின் நடுவில் புதிய கார்கள் ஆர்-134ஏக்கு மாறின. சிக்கல் பழைய கார்களில் இருந்தது. கசியும் குழாயைத் தேடாமல் மாதா மாதம் காஸ் ஏற்றிக்கொள்வதும், பழுது பார்க்கும் முன் உள்ளதைக் காற்றில் திறந்துவிடுவதும் பட்டறைகளின் வழக்கம். 1999இல் வந்த குளிரூட்டிக் காஸ் மேலாண்மை விதிகள் காஸைக் காற்றில் திறந்துவிடுவதைக் குற்றமாக்கின; சர்வதேச நிதியுதவியோடு காஸை உறிஞ்சிச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் பட்டறைகளுக்கு வழங்கப்பட்டன. தெருவோர ஏர்கான் கடைக்காரர் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

காருக்குள் வரும் காற்று சூடானது என்பது மட்டுமல்ல, மோசமானதும் ஆகலாம் என்று பள்ளத்தாக்குக்குப் புரியவைத்தது புகைமூட்டம். 1997இல் சுமத்ரா, கலிமந்தான் காட்டுத் தீயின் புகை வாரக்கணக்கில் நாட்டை மூடியது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழற்றும் பொத்தானைப் பலர் நிரந்தரமாக அழுத்திவைக்கப் பழகினார்கள். அன்றைய உள்நாட்டுக் கார்கள் பலவற்றில் காற்று வடிகட்டி இல்லை. சிலவற்றில் அதை வைக்க இடம் மட்டும் காலியாக இருந்தது, வடிகட்டியைத் தனியே வாங்கிச் செருகினார்கள். உள்காற்றைச் சுழற்றுவதால் காயிலுக்கு வேலை குறைவு, குளிர் சீக்கிரம் வரும். ஆனால் நான்கு பேர் அமர்ந்த மூடிய காரில் கரியமில வாயு விறுவிறுவென ஏறும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை நெரிசலில் வரும் ஓட்டுநரின் கொட்டாவிக்கு, விடிகாலை விழிப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு இந்த ஊரில் அவ்வளவு ஆரவாரமாக வரவேற்கப்படவில்லை. வேண்டிய டிகிரியைச் சொன்னால் போதும். உள்வெப்பம், வெளிவெப்பம், வெயிலின் கடுமை ஆகியவற்றை உணரிகள் அளந்து, விசிறியையும் குளிரையும் கார் தானே திருத்திக்கொள்ளும். நான்கு பருவமுள்ள நாட்டில் இது வரப்பிரசாதம். ஒரே பருவமுள்ள ஊரில், காரில் ஏறியதும் மிகக் குறைந்த அளவுக்குத் திருகிவிட்டு, குளிர் எடுத்தால் விசிறியைக் குறைப்பதே பலரின் முறை. பெரோடுவா இதைச் சரியாகப் படித்திருந்தது. 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் ஏர்கானுக்கு எண்திரையும், ஓட்டுநர் விரும்பிய அமைப்பை நினைவில் வைக்கும் இரு பொத்தான்களும் உண்டு. வெப்பத்தை அளந்து தானே முடிவெடுக்கும் வேலை இல்லை. புரோட்டான் 2018 டிசம்பரில் எக்ஸ்70ஐ வெளியிட்டபோது ஏர்கானுக்கு வாயால் கட்டளையிடும் வசதியைத் தந்தது.

இதே ஆண்டுகளில்தான் நிற்கும்போது எஞ்சினை அணைக்கும் நுட்பம் வந்து, பழைய பழக்கத்தோடு மோதியது. அதன் வரலாறு எண்ணெய் நெருக்கடியில் தொடங்குகிறது. 1970களின் நடுவில் டொயோட்டா, கிரவுன் காரில் இதைச் சோதித்தது; 1980களில் ஃபியட் ரெகாட்டாவிலும் வோக்ஸ்வாகன் போலோவிலும் வந்தது. விற்பனை சொற்பம். ஐரோப்பாவின் கரியமில வாயு வரம்புகள் இறுகிய 2000களுக்குப் பிறகே அது பரவியது. மலேசியாவில் கதவைத் திறந்தது வரிக் கொள்கை. 2011 முதல் 2013 முடிய ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி, கலால் வரிகளில் முழு விலக்கு. பள்ளத்தாக்குச் சாலைகளில் ஹோண்டா இன்சைட்டும் டொயோட்டா பிரியஸும் பெருகின. சிக்னலில் எஞ்சின் தானே அடங்குவதைப் பலர் முதன்முதலாகக் கண்டது அப்போது. 2014 ஜனவரியில் வந்த தேசிய வாகனக் கொள்கை, எடைக்கேற்ற எரிபொருள் வரம்பை வைத்துச் சிக்கன வாகனங்களுக்குச் சலுகை தந்தது. 2016 ஜூலையில் வந்த பெரோடுவா பெஸ்ஸாவின் உயர்வகையில் 'எகோ ஐடில்' என்ற பெயரில் இந்த நுட்பம் சாதாரணக் குடும்பத்தின் காருக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு மைவியும் பெற்றது.

எரிபொருளை அளந்த பழைய ஐரோப்பியச் சோதனைமுறையில் ஒரு விசித்திரம் இருந்தது. அதன் நேரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு கார் நின்றுகொண்டிருந்தது, ஏர்கான் அணைந்திருந்தது. ஆகவே எஞ்சினை அணைப்பதால் கிடைக்கும் மிச்சம் ஆய்வகத்தில் பளிச்சென்று தெரிந்தது. நண்பகலில் ஏர்கானை அணைத்துவிட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்பவர் யார்? பெஸ்ஸா, மைவி போன்ற கார்களில் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுகிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும், விசிறி மட்டும் சுழலும். காயிலில் மிஞ்சிய குளிர் சிறிது நேரம் தாங்கும். பிறகு காயிலில் படிந்த நீர் மீண்டும் ஆவியாகிக் காற்றோடு கலக்கும்; வெப்பம் ஏறுவதற்கு முன்பே கசகசப்பும் ஒருவித ஈரவாடையும் வந்துவிடும். உள்ளே சூடு ஏறியதை உணர்ந்து கார் எஞ்சினைத் தானே கிளப்பிவிடும். உச்சி வெயிலில் முதலிலேயே அணைக்காமலும் இருக்கலாம். அடிக்கடி கிளப்புவதற்கு வலுவான ஸ்டார்ட்டரும் விலை கூடிய ஈஎஃப்பி வகை பேட்டரியும் வேண்டும். பேட்டரி மாற்றும் நாளில் அந்த விலை வித்தியாசம் கண்ணில் படும். சேமித்த பெட்ரோல் கண்ணில் படாது. அதுவும் 2021 பிப்ரவரியிலிருந்து ரோன்95 பெட்ரோல் லிட்டர் 2 ரிங்கிட் 5 சென்னுக்கு மேல் போகாமல் அரசு பிடித்துவைத்திருந்த காலம். காரில் ஏறியதும் எகோ ஐடிலை அணைக்கும் பொத்தானை அழுத்துவோரைச் சோம்பேறிகள் என்றோ பொறுப்பற்றவர்கள் என்றோ சொல்வது எளிது. அவர்கள் கணக்குப் பார்த்தே அழுத்துகிறார்கள்.

இந்த முடிச்சைப் பொறியாளர்கள் இரு வழிகளில் அவிழ்க்க முயன்றார்கள். முதல் வழி, குளிரைச் சேமித்துவைப்பது: உறைந்து உருகும் பொருளைக் காயிலின் இடுக்குகளில் அடைத்து, எஞ்சின் நின்ற பிறகும் சற்றுக் கூடுதல் நேரம் குளிர்காற்று தரச் செய்வது. டென்சோ உருவாக்கிய இத்தகைய காயில் 2012இல் ஜப்பானில் சுசுகி வேகன் ஆரில் வந்தது. இரண்டாவது வழி, கம்ப்ரசரை எஞ்சினிலிருந்தே பிரித்து மின்மோட்டாரிடம் ஒப்படைப்பது. 2003ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறை பிரியஸில் டொயோட்டா இதைச் செய்தது. கிள்ளான் புக்கிட் ராஜாவில் டொயோட்டாவின் புதிய ஆலை 2019இல் திறக்கப்பட்டது. 2022இல் உள்நாட்டில் பொருத்தப்பட்டு வந்த கரோலா கிராஸ் ஹைப்ரிட்டின் கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுவதுதான். சிக்னலில் எஞ்சின் அடங்கினாலும் அதில் குளிர் குறைவதில்லை. பேட்டரி இறங்கினால் மட்டும் எஞ்சின் விழித்துக்கொள்கிறது.

2024 டிசம்பரில் புரோட்டான் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7ஐ வெளியிட்டது. அதில் அணைக்க எஞ்சினே இல்லை. கம்ப்ரசர் நேரடியாகப் பெரிய பேட்டரியிலிருந்து சக்தி எடுக்கிறது. கார் ஓடினாலும் நின்றாலும் குளிரூட்டும் திறன் ஒன்றுதான். நெரிசலில் செலவாகும் மின்சாரம் அந்த நாளில் போகக்கூடிய தூரத்திலிருந்து சில கிலோமீட்டரைக் கழித்துக்கொள்கிறது.